பயணத் துணை: சென்னைப் பயிலரங்கிற்குச் செல்வோர்க்கு



நம் ஊர்களிலுள்ள ஆசிரியைகளுக்கும், கல்லூரி மாணவ மாணவியர்க்கும், சிறுதொழில் நடத்தும் சகோதரிகளுக்கும் அவ்வப்போது ஒரு கடிதம் வருகின்றது. 'சென்னையில் மூன்று நாள் பயிலரங்கு; தாங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளீர்கள்' என்பது அதன் செய்தி. வீட்டில் மகிழ்ச்சி பொங்குகின்றது. சற்று நேரத்தில் வினாக்கள் எழுகின்றன. எங்கே இறங்குவது? எங்கே தங்குவது? தொழுகை என்னாவது? உணவு ஹலாலாக இருக்குமா? இவ்வினாக்களுக்கு விடை கூறுவார் எவரும் இல்லாமையால், பல இல்லங்களில் 'இம்முறை வேண்டாம்' என்னும் முடிவே ஏற்படுகின்றது. மார்க்கம் அந்தப் பெண்ணைத் தடுக்கவில்லை. தந்தையும் தடுக்க விரும்பவில்லை. வழி தெரியாமை ஒன்றே தடுத்துவிடுகின்றது. அந்தத் தடையை நீக்குவதற்கு உதவும் விவரங்களை இம்மாதப் பகுதியில் தொகுத்துத் தருகின்றோம்.

புறப்படுமுன்

அழைப்புக் கடிதம் கிடைத்தவுடன் அமைப்பாளர்களுக்கு ஒரு மறுமொழி எழுதுங்கள். அதில் ஐந்து வினாக்கள் இருக்கட்டும்: நிகழ்ச்சி நடைபெறும் கட்டடத்தின் முழு முகவரி யாது? தங்குமிடம் அவர்கள் தருவதா, நாம் தேடிக்கொள்வதா? துணைக்கு வருபவர் உடன் தங்க இயலுமா? உணவு எவ்வகையினது? வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு இடைவேளை உண்டா? இவற்றை முன்னரே கேட்பது அநாகரிகம் அன்று. கேட்காமல் சென்று, அங்கே முகம் சுளிப்பதே அநாகரிகம்.

பெண்களின் பயணத்திற்கு மஹ்ரமான துணை வேண்டும் என்பது நம் இல்லங்களில் பேணப்பட்டு வரும் நெறியாகும். அதனைத் தடையாகக் கருத வேண்டியதில்லை. தொடக்கத்திலேயே இருவருக்கான திட்டமாக வகுத்துக் கொண்டால் போதும். தந்தையோ, கணவரோ, சகோதரரோ எவர் வருகின்றார் என்பதை முடிவு செய்துவிட்டு, இரு சீட்டுகளையும் ஒருங்கே பதிவு செய்யுங்கள்.

இரயில் பதிவு 2024 நவம்பர் முதல், பயண நாளுக்கு 60 நாட்களுக்கு முன்னரே தொடங்குகின்றது. அதற்கு முன்பு இக்காலம் 120 நாட்களாக இருந்தது. அழைப்பு தாமதமாக வந்தால் தட்கல் முறை உண்டு. புறப்படுவதற்கு முந்திய நாள், ஏ.சி. வகுப்புகளுக்குக் காலை 10 மணிக்கும், தூங்கும் வசதி வகுப்புக்கு 11 மணிக்கும் அப்பதிவு தொடங்கும். அசல் அடையாள அட்டை கையில் இருத்தல் வேண்டும். திரும்பும் சீட்டையும் அப்போதே பதிந்துவிடுவது நலம். நிகழ்ச்சி முடியும் நாளின் இரவு வண்டியில் பதிவதாயின், நிகழ்ச்சி முடியும் நேரத்திற்கும் வண்டி புறப்படும் நேரத்திற்கும் இடையே மூன்று மணி நேரமாவது விட்டுவையுங்கள்.

எங்கே இறங்குவது?

திருநெல்வேலி, திருச்செந்தூர், மதுரை, இராமநாதபுரம், நாகூர் பக்கமிருந்து வரும் இரயில்கள் பெரும்பாலும் எழும்பூரை அடைகின்றன. நிலையச் சீரமைப்புப் பணிகளின் பொருட்டு அவற்றுள் சில தாம்பரத்துடன் நிறுத்தப்படுவதும் உண்டு. ஆதலின் சீட்டில் அச்சிடப்பட்டுள்ள நிலையத்தின் பெயரைப் பார்த்துக்கொள்க. கோவை, ஈரோடு, சேலம், வாணியம்பாடி, ஆம்பூர் வழியாக வரும் வண்டிகள் சென்னை சென்ட்ரலுக்குச் செல்கின்றன.

தென்மாவட்டப் பேருந்துகளில் வருவோர் அறிய வேண்டிய பெரிய மாற்றம் ஒன்று உண்டு. 2023 டிசம்பர் 30ஆம் நாள் கிளாம்பாக்கத்தில் புதிய பேருந்து முனையம் திறக்கப்பட்டது. பழைய நினைவில் கோயம்பேட்டில் உறவினரைக் காத்திருக்கச் சொல்லுதல் வேண்டா. கிளாம்பாக்கம் நகரின் நடுப்பகுதியிலிருந்து ஏறத்தாழ 30 கிலோ மீட்டர் தொலைவில் உள்ளது. அங்கிருந்து மாநகரப் பேருந்தில் தாம்பரம் வந்து, கடற்கரை நிலையம் வரை செல்லும் மின்சார இரயிலில் ஏறினால் கிண்டி, மாம்பலம், நுங்கம்பாக்கம், எழும்பூர், பூங்கா நகர்ப் பகுதிகளைக் குறைந்த செலவில் அடையலாம். விடியற்காலை 5 மணிக்கு முனையத்தில் இறங்கியவர் 9 மணி நிகழ்ச்சிக்கு நிதானமாகச் சென்று சேரலாம். 7 மணிக்கு இறங்குபவர் அவசரப்பட நேரிடும்.

நகருக்குள் செல்லும் வழி

சென்னையில் மூவகை இரயில்கள் ஓடுகின்றன. தாம்பரம் – கடற்கரை மின்சார இரயில் ஒன்று. கடற்கரையிலிருந்து சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் வழியாக வேளச்சேரி செல்லும் பறக்கும் இரயில் மற்றொன்று. மூன்றாவது, 2015இல் தொடங்கிய மெட்ரோ. எழும்பூர், சென்ட்ரல் இரு நிலையங்களிலும் மெட்ரோ உண்டு; விமான நிலையத்திலிருந்தும் உண்டு.

பயிலரங்குகள் மிகுதியாக நடைபெறும் இடங்களுக்கு வழி வருமாறு:

சேப்பாக்கம், சென்னைப் பல்கலைக் கழகம்: எழும்பூரில் இறங்கியவர் மின்சார இரயிலில் ஒரே நிறுத்தம் கடந்து பூங்கா நிலையத்தில் இறங்கி, அருகேயுள்ள பூங்கா நகர் நிலையத்தில் பறக்கும் இரயில் ஏறிச் சேப்பாக்கத்தில் இறங்கலாம். சென்ட்ரலில் இறங்குவோர்க்கும் பூங்கா நகர் நிலையம் அருகிலேயே உள்ளது.

ஈக்காட்டுத்தாங்கல், தொழில் முனைவோர் மேம்பாட்டு நிறுவனம்: சென்ட்ரலிலோ எழும்பூரிலோ பரங்கிமலை செல்லும் மெட்ரோவில் ஏறி, ஈக்காட்டுத்தாங்கல் நிலையத்தில் இறங்குக.

கோட்டூர்புரம், தரமணி: பறக்கும் இரயிலில் அவ்வப் பெயருள்ள நிலையங்களிலேயே இறங்கலாம்.

2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்கின்றனர். ஆட்டோவில் செல்ல நேர்ந்தால் ஏறுமுன் கட்டணத்தைப் பேசி முடிவு செய்க. கைப்பேசிச் செயலி வழியே அழைத்தால் தொகை முன்னரே தெரிந்துவிடும். மெட்ரோவின் இரண்டாம் கட்டப் பணிகள் நடைபெறும் சாலைகளில் போக்குவரத்து திருப்பிவிடப்படுவதுண்டு. எனவே முதல் நாள் மாலையே நிகழ்ச்சி நடக்கும் இடத்தை ஒருமுறை பார்த்து வந்துவிடுவது சாலச் சிறந்தது.

தங்குதலும் உணவும்

திருவல்லிக்கேணி, இராயப்பேட்டை, பெரியமேடு, மண்ணடி ஆகிய பகுதிகளில் நம் மக்கள் செறிந்து வாழ்கின்றனர். பள்ளிவாசல்களும் ஹலால் உணவகங்களும் அங்குத் தேடாமலே கிடைக்கும். திருவல்லிக்கேணியின் 'மேன்ஷன்'கள் ஆண்கள் தனித்துத் தங்குவதற்கு உரியவை. குடும்பத்துடன் செல்வோர்க்கு ஏற்றவை அல்ல. குடும்பத்தினர், அறையுடன் இணைந்த குளியலறை உள்ள விடுதியைத் தேர்ந்தெடுத்து, முன்பதிவைத் தொலைபேசி வாயிலாக மீண்டும் ஒருமுறை உறுதி செய்துகொள்ள வேண்டும். உறுதி செய்யப்பட்ட இரயில் சீட்டு உள்ளவர்கள் நிலையத்திலுள்ள ஓய்வறைகளையும் பதிவு செய்யலாம். இரவு வண்டியில் வந்து குளித்து உடைமாற்ற அவை பெரிதும் பயன்படும்.

பயிலரங்கு உணவில் இறைச்சி ஹலாலானதா என்பது தெரியாவிடில் சைவ உணவை முன்னரே கேட்டு வைத்துக் கொள்ளலாம். பேரீச்சம் பழமும், வீட்டில் செய்த முறுக்கும் பையில் இருந்தால் நோன்பு நோற்பவர்க்கும் உதவும்.

தொழுகை

பயணிக்கு அல்லாஹ் வழங்கிய சலுகை கஸ்ர் எனும் சுருக்கித் தொழுதல். லுஹர், அஸர், இஷா ஆகிய நான்கு ரக்அத் தொழுகைகளே இரண்டாகச் சுருக்கப்படும். பஜ்ரிலும் மஃரிபிலும் மாற்றம் இல்லை. ஏறத்தாழ 80 கிலோ மீட்டர் தொலைவு செல்பவர்க்கே இச்சலுகை. கணக்கில் சிறு வேறுபாடுகள் உண்டு.

எத்தனை நாள் வரை சுருக்கலாம் என்பதில் மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு உள்ளது. ஹனஃபி மத்ஹபில், ஓரூரில் 15 நாட்களோ அதற்கு மேலோ தங்க எண்ணினால் முழுமையாகத் தொழ வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபில், வரும் நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு முழு நாட்கள் தங்க எண்ணினாலே முழுமையாகத் தொழ வேண்டும். ஆகவே மூன்று நாள் பயிலரங்கிற்கு முந்திய நாள் வந்து, மறுநாள் திரும்புபவர் எந்த மத்ஹபினராயினும் சுருக்கித் தொழலாம். ஒரு வாரப் பயிலரங்கு எனில் ஹனஃபிகள் சுருக்குவர். ஷாஃபிஈகள் தங்குமிடத்தில் முழுமையாகத் தொழுவர். உள்ளூர் இமாமைப் பின்பற்றித் தொழும்போது இரு சாராரும் முழுமையாகவே தொழ வேண்டும். இரு தொழுகைகளைச் சேர்த்துத் தொழும் ஜம்உ பயணிக்கு ஷாஃபிஈ மத்ஹபில் உண்டு. ஹனஃபி மத்ஹபில் ஹஜ்ஜின் அரஃபா, முஸ்தலிஃபா தவிர வேறிடத்தில் இல்லை. ஐயம் இருப்பின் புறப்படுமுன் மஹல்லா ஆலிமிடம் தெளிவு பெறுக.

சென்னையில் லுஹர் நேரம் ஆண்டு முழுதும் பகல் 12.30க்குள் தொடங்கிவிடும். எனவே ஒரு மணி உணவு இடைவேளையில் லுஹரை எளிதில் நிறைவேற்றலாம். அஸரில்தான் விழிப்பு வேண்டும். ஜூலையில் சூரியன் மாலை 6.40 அளவில் மறைகின்றது, நவம்பரிலோ 5.40க்கே மறைந்துவிடும். நிகழ்ச்சி 5 மணிக்கு முடிந்தால், 'அறைக்குச் சென்று தொழலாம்' என்று பேருந்தில் ஏறிவிடாதீர்கள். நெரிசலில் அஸர் தவறிப்போகும். அரங்கிலேயே தொழுதுவிட்டுப் புறப்படுங்கள். மடித்து வைக்கும் சிறு விரிப்பு ஒன்று பையில் இருக்கட்டும்.

கிப்லா அறிய எளிய வழி உண்டு. சென்னையில் கடல் கிழக்கே உள்ளது. கடலுக்கு முதுகு காட்டி நின்றால் ஏறத்தாழ மேற்கு. அங்கிருந்து வலப்புறமாக, அதாவது வடக்கு நோக்கி, சுமார் 18 பாகை திரும்பினால் கிப்லாவின் திசை.

ஜும்ஆ பயணியின் மீது கடமையன்று. எனினும் வாய்ப்பிருந்தால் விடுதல் தகாது. சேப்பாக்கத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில் திருவல்லிக்கேணிப் பெரிய பள்ளிவாசல் உள்ளது. நவாப் முஹம்மது அலி வாலாஜாவின் குடும்பத்தினர் 1795இல் எழுப்பிய கருங்கற் பள்ளி அது. அதன் கட்டட ஆண்டைக் குறிக்கும் பாரசீகக் கல்வெட்டுப் பாடலை இயற்றியவர் ராஜா மக்கன்லால் என்னும் இந்துப் பெருமகனார். 1972இல் மறைந்த கண்ணியமிகு காயிதே மில்லத் அவர்கள் அடங்கியிருப்பதும் அப்பள்ளியின் வளாகத்திலேதான். சென்ட்ரல் அருகே தங்குவோர்க்குப் பெரியமேடு பள்ளிவாசல் அணித்தே உள்ளது. பெண்கள் தொழ எல்லாப் பள்ளிவாசல்களிலும் தனியிடம் இல்லை. ஆதலின் கேட்டறிந்து செல்க.

துணைக்கு வருவோர்க்கு

மகளை அரங்கில் விட்டுவிட்டு வாயிலில் வெயிலில் நிற்கும் தந்தையர் பலர். அது அவர்க்கும் துன்பம். உள்ளே அமர்ந்திருக்கும் மகளின் மனத்திற்கும் பாரம். எழும்பூரில் 1896 முதல் இயங்கும் கன்னிமாரா நூலகமும், கோட்டூர்புரத்தில் 2010இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகமும் நாள் முழுதும் அமர்ந்து படிக்க ஏற்ற இடங்கள். சந்திக்கும் நேரத்தையும் இடத்தையும் காலையிலேயே பேசி வைத்துக்கொண்டால் இருவர்க்கும் கவலையில்லை.

கடலும் மழையும்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். 2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் இந்நகர் கண்டது. அம்மாதங்களில் புறப்படுவோர் வானிலை அறிவிப்பைக் கேட்டுவிட்டுப் புறப்பட வேண்டும். குடையுடன், ஒருநாள் அதிகம் தங்க நேர்ந்தால் தேவைப்படும் பணமும் மருந்தும் உடன் இருக்கட்டும். மே மாதத்தில் வெப்பம் 40 பாகை செல்சியஸைத் தாண்டுவதுண்டு. தண்ணீர்ப் புட்டி இன்றி வெளியே செல்லற்க.

நிகழ்ச்சி முடிந்த மாலையில் மெரீனாவுக்குச் செல்வது இயல்பே. காற்று வாங்குங்கள், கரையில் அமருங்கள். கடலில் மட்டும் இறங்காதீர்கள். அங்கு நீரோட்டம் வலிது. குளிப்பதற்குத் தடையும் உண்டு. உள்ளூரில் கடலோடு பழகிய இளைஞர்கள் 'எங்களுக்கா கடல் தெரியாது?' என்று இறங்குவதே பெரும் ஆபத்து.

குறித்து வைக்க வேண்டிய எண்கள்: எல்லா அவசர உதவிக்கும் 112, ஆம்புலன்ஸ் 108, பெண்கள் உதவிக்கு 181, இரயில் பயண உதவிக்கு 139.

திரும்பிய பின்

மூவர் பயணம் செய்தால் அவர்களுள் ஒருவரைத் தலைவராக்கிக் கொள்ளும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். வந்த அலுவல் முடிந்ததும் குடும்பத்தாரிடம் விரைந்து திரும்புமாறும் அறிவுறுத்தினார்கள். பயணம் என்பது ஒழுங்குடன் செய்ய வேண்டிய ஒன்று என்பதை இவ்விரு அறிவுரைகளும் உணர்த்துகின்றன.

ஊர் திரும்பிய சகோதரி ஒரு கடமையை மறத்தல் ஆகாது. எந்த வண்டி, எந்த விடுதி, எவ்வளவு செலவு, எங்கே தொழுதோம் என்பவற்றை ஒரு தாளில் எழுதி மஹல்லாவின் பெண்கள் பள்ளியிலோ மத்ரஸாவிலோ கொடுத்து வைக்க வேண்டும். ஒருவர் சென்று வந்த பாதை அடுத்தவர்க்குப் பாதி எளிதாகிவிடும். கற்கப் புறப்படும் நம் பிள்ளைகளின் பயணங்களை அல்லாஹ் பாதுகாப்பானதாகவும் பயனுள்ளதாகவும் ஆக்கி வைப்பானாக! ஆமீன். வஸ்ஸலாம்.