பந்திக்கு முந்தாத மீன்கள்

கண்டி நகரிலும் அதைச் சூழ்ந்த பேராதனை, கட்டுகஸ்தோட்டை, குண்டசாலை போன்ற இடங்களிலும் கண்ணாடித் தொட்டியில் வண்ண மீன் வளர்ப்போர் பலர் உள்ளனர். அவர்களிடமிருந்து நான் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு ஒன்றுண்டு. மற்ற மீன்கள் எல்லாம் நலமாக இருக்க, ஆசையோடு வாங்கிய அந்த நீல நிற 'ராம்' மட்டும் சில வாரங்களில் செத்துவிட்டது என்பதே அது. நோய் என்பர் சிலர். குழாய்த் தண்ணீரின் குளோரின் என்பர் வேறு சிலர். விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்பாரும் உளர். இவை சில வேளைகளில் உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் ஒரே தொட்டியில் கப்பியும் டெட்ராவும் கொழுத்துத் திரிய, ராம் மட்டும் வயிறு ஒட்டி மாண்டால், முதலில் ஐயுற வேண்டியது பசியையே.

உணவு இடப்படாத தொட்டியைப் பற்றி நான் பேசவில்லை. மூன்று வேளையும் அள்ளிப் போடப்படும் தொட்டியைப் பற்றியே பேசுகிறேன். தொட்டியில் உணவு இடுவது வேறு. அதிலுள்ள ஒவ்வொரு மீனும் உண்பது வேறு. இந்த வேறுபாட்டை நாம் உணராமையே குள்ளச் சிக்லிட் மீன்கள் நம் வீடுகளில் நிலைக்காமைக்குப் பெருங்காரணம் என்பது என் கருத்து.

சிக்லிட் குடும்பம் நமக்குப் புதிதன்று. 1950களின் தொடக்கத்தில் இலங்கைக் குளங்களில் விடப்பட்ட ஆபிரிக்க மீனான திலாப்பியா இக்குடும்பத்தது. கேரளத்தார் கரிமீன் என்றும் சிங்கள மக்கள் கொரலியா என்றும் அழைக்கும் நமது களப்பு மீனும் அவ்வாறே. குள்ளச் சிக்லிட்டுகள் இவற்றின் சிறிய உறவினர். பெரும்பாலானவை 10 சென்ரிமீற்றரைத் தாண்டாதவை. ராம் என்பது தென் அமெரிக்காவின் ஒரினோகோ ஆற்றுப் படுகைக்கு உரியது. 1948இல் மயர்ஸ், ஹரி என்னும் இருவர் அதனை அறிவியலுக்கு அறிமுகம் செய்து, மானுவேல் ராமிரெஸ் என்னும் மீன் சேகரிப்பாளரின் பெயரைச் சூட்டினர். அப்பிஸ்டோகிராமா வகைகளும் தென் அமெரிக்காவைச் சேர்ந்தவையே. கிரிபென்சிஸ் மேற்கு ஆபிரிக்காவைச் சேர்ந்தது.

இவற்றின் உண்ணும் முறையைச் சற்று நேரம் பார்த்திருந்தாலே பிரச்சினை விளங்கிவிடும். ராம் மேற்பரப்புக்குப் பாய்ந்து வருவதில்லை. அடித்தளத்தில் மெல்ல நகர்ந்து, ஒரு வாய் மணலை எடுத்து, மென்று, மணலைச் செவுள் வழியே உதிர்த்துவிட்டு, அதிலுள்ள நுண்ணுயிர்களையும் பூச்சிக் குடம்பிகளையும் விழுங்குகிறது. ஒரு துகளை எடுத்துத் துப்பி, மீண்டும் எடுத்துப் பார்த்த பின்னரே ஏற்றுக்கொள்ளும். நிதானமாக, நாள் முழுவதும் சிறிது சிறிதாகத் தேடி உண்ணும் பிறவி அது.

அதற்கு நாம் வைப்பதோ மிதக்கும் செதில் உணவு. கப்பி, பிளாட்டி, டெட்ரா, பார்ப் முதலியவை மூடியைத் திறக்கும் ஓசை கேட்டவுடனேயே மேலே திரண்டுவிடுகின்றன. அரை நிமிடத்தில் பந்தி முடிந்துவிடுகிறது. தப்பிக் கீழே இறங்கும் துகள்களுக்கும் கோரிடோரஸ் போன்ற அடித்தளக் கெளிறுகள் போட்டியிடுகின்றன. 'பந்திக்கு முந்து' என்ற பழமொழியை அறியாத ஒரே மீன் மூலையில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறது. நாமோ நீரின் மேல் எழும் சலசலப்பைக் கண்டு, எல்லாம் நன்றாகச் சாப்பிடுகின்றன என்று மனம் நிறைந்து திரும்புகிறோம்.

பத்திரிகைத் தொழிலில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் இந்த மனநிறைவை நான் நன்கு அறிவேன். இத்தனை பொதிகள் நிவாரணம் வழங்கப்பட்டன என்று செய்தி எழுதுவது எளிது. வரிசையின் கடைசியில் நின்றவருக்குக் கிடைத்ததா என்று விசாரிப்பதுதான் கடினம். வெசாக் காலத்தில் கண்டி வீதிகளில் தன்சல் நடத்துவோரில் அனுபவம் மிக்கவர்கள், முண்டியடிப்போரை ஒரு பக்கம் கவனித்துக்கொண்டே, நிற்க இயலாத முதியவருக்குத் தட்டை எடுத்துச் சென்று கையில் கொடுப்பார்கள். மீன் தொட்டிக்கு வேண்டியதும் அந்தப் பக்குவமே.

செய்ய வேண்டியவை சிக்கலானவை அல்ல. முதலில் தொட்டியின் ஒரு முனையில் மிதக்கும் உணவைச் சிறிதளவு இட்டு, மேல்தட்டு மீன்களை அங்கே இழுத்துக்கொள்ள வேண்டும். அவை அதில் ஈடுபட்டிருக்கும்போது, மறுமுனையில் அமிழும் சிறுமணி உணவைச் சிக்லிட்டின் அருகே இறக்க வேண்டும். ஒரு நீண்ட சொட்டுக்குழாய் அல்லது மெல்லிய குழாய் இதற்குப் போதும். விளக்கை அணைத்துச் சற்று நேரம் கழித்து இடுவதும் உதவும். வெளிச்சம் குறைந்ததும் மற்றவற்றின் வேகம் தணிந்துவிடும். அடியில் கூரிய கற்களுக்குப் பதிலாக மென்மணல் இருத்தல் நன்று. பாதியாக உடைத்த தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்து ஒரு வாயில் வைத்துவிட்டால் அருமையான குகை ஆகிவிடும். ஒளிந்துகொள்ள இடமுள்ள மீன் அஞ்சாது வெளியே வந்து உண்ணும். முட்டையைக் காக்கும் இணை தன் இடத்தை விட்டு அதிகம் நகராது. ஆகவே உணவு அதன் வாசலுக்கே போக வேண்டும்.

நாளுக்கு இரு முறை, இரண்டு மூன்று நிமிடங்களில் தீரும் அளவு போதும். மீனின் இரைப்பை அதன் கண்ணளவே என்று அனுபவசாலிகள் சொல்வர். வயிறு மெல்லிய வளைவோடு இருக்க வேண்டும்; உட்குழிந்திருந்தால் பசி அல்லது குடற்புழு. நன்றாக உண்டும் வயிறு ஒட்டியே இருந்து, கழிவு வெண்ணிற நூலாக வந்தால் மருத்துவம் தேவை.

எதைக் கொடுப்பது என்பது அடுத்த கேள்வி. இவை பெரும்பாலும் சிறு உயிர்களை உண்பவை. பாணும் பிஸ்கட்டும் சோறும் இவற்றுக்கு உணவல்ல. கண்டி வாவிக் கரையில் நின்று பொரி வீசி, பெரிய மீன்கள் அடித்துப் பிடிப்பதை வேடிக்கை பார்க்கும் பழக்கத்தை வீட்டுத் தொட்டிக்குக் கொண்டுவரலாகாது. உறைய வைத்த செம்புழு, நீர்த்தெள்ளு, உப்பு நீரில் 24 முதல் 36 மணி நேரத்தில் பொரிக்கும் ஆட்டீமியாக் குஞ்சுகள், கழுவிப் பொடியாக நறுக்கிய மண்புழு ஆகியவை சிறந்தவை. கடைகளில் உயிருடன் விற்கப்படும் டியூபிஃபெக்ஸ் புழு கழிவு நீர்ச் சேற்றில் செழிப்பது; நோயையும் கூடவே கொண்டுவரக்கூடியது. அதைத் தவிர்ப்பதே நலம்.

நுளம்புக் குடம்பி குள்ளச் சிக்லிட்டுக்கு அமிர்தம் என்பது உண்மை. அதற்காக வீட்டு முற்றத்தில் வாளியில் நீர் தேக்கி அதை வளர்ப்பாரும் உண்டு. இதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். 2017இல் இலங்கையில் 1,86,000க்கும் மேற்பட்டோர் டெங்குக் காய்ச்சலுக்கு உள்ளானதாகப் பதிவாயிற்று. நுளம்பு பெருக இடமளிப்பது 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி குற்றமுமாகும். ஒரு வாரம் வாளியைக் கவனிக்கத் தவறினால் குடம்பி நுளம்பாகிப் பறந்துவிடும். மீனின் பசியைத் தீர்க்க அயல் வீட்டுக் குழந்தையைப் பணயம் வைக்க எவருக்கும் உரிமையில்லை.

கண்டியில் வாழ்வோர் மறக்கக் கூடாத இன்னொன்று குளிர். கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர் உயரத்தில் உள்ள இந்நகரில், டிசம்பர், ஜனவரி மாத இரவுகளில் வெப்பநிலை 20 பாகைக்குக் கீழும் இறங்குவதுண்டு. ராமுக்கு வேண்டியதோ 27 முதல் 30 பாகை வரையான நீர். கொழும்பின் வெக்கையில் வெப்பமூட்டி இல்லாமலே சமாளித்த மீன், இங்கே குளிர்ந்த நீரில் சோர்ந்து, உண்ட சிறிதளவையும் செரிக்க முடியாமல் தவிக்கும். அதன் மந்தத்தைப் பசி என்று எண்ணி மேலும் உணவைக் கொட்டுவது கேட்டின் மேல் கேடு. இங்கு நல்ல உணவு வாங்குமுன் வாங்க வேண்டியது ஒரு வெப்பமூட்டி.

ஏனெனில் உண்ணப்படாத உணவு வீணாவதோடு நிற்பதில்லை. அது அழுகி அமோனியாவாகிறது. வடிகட்டியில் வாழும் பற்றீரியாக்கள் அதை நைத்திரைற்றாகவும் பின்னர் நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. அவற்றின் வேலைக்கு ஒட்சிசன் வேண்டும், நீரோட்டம் வேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணி நேர மின்வெட்டு நடைமுறைக்கு வந்தது. அத்தகைய வேளைகளில் வடிகட்டி நின்றுவிடும். உணவிடுவதையும் நிறுத்திவிட வேண்டும். வளர்ந்த, நலமான மீன் ஓரிரு நாள் பட்டினியைத் தாங்கும், அமோனியாவைத் தாங்காது. 'அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு' என்பது மீன் தொட்டியில் நேர்ப்பொருளிலேயே உண்மை.

நமது நாட்டு நீர்நிலைகளில் ஒரேஞ் குரோமைட் என்னும் சிறிய சிக்லிட் ஒன்று வாழ்கிறது. அதன் குஞ்சுகள் தாய் தந்தையரின் உடலில் சுரக்கும் சளியைக் கொறித்து உண்பதை வார்ட், பார்லோ என்னும் ஆய்வாளர்கள் 1967இல் விரிவாக எழுதினர். பெற்ற மீன் தன் உடலையே உணவாகக் கொடுத்துக்கொண்டு நீந்துகிறது. உணவு என்பது உண்பவனின் வாய் வரை சென்று சேர வேண்டியது என்பதை அந்த மீன் அறிந்திருக்கிறது.

இத்துறையில் விற்போரின் பொறுப்பும் பெரிது. ராம் ஒன்றை வாங்குபவரிடம், உங்கள் தொட்டியில் வேறு என்ன மீன்கள் உள்ளன, வெப்பமூட்டி உண்டா, அமிழும் உணவு உண்டா என்று மூன்று கேள்விகள் கேட்க ஒரு நிமிடமும் ஆகாது. கேட்டால் சில விற்பனைகள் தவறிப்போகலாம். கேட்காவிடில் அதே வாடிக்கையாளர் அடுத்த மாதம் இன்னொரு ராம் வாங்குவார் என்பதும் உண்மைதான். அந்தக் கணக்கில் இலாபம் காண்பது வாணிபம் ஆகலாம். மீன் வளர்ப்பு ஆகாது.

வாங்குவோரும் கடையிலேயே அந்த மீனுக்கு உணவிடச் சொல்லி, அது உண்கிறதா என்று பார்த்து வாங்கலாம். வீட்டில் உணவிட்ட பின் ஐந்து நிமிடம் தொட்டியின் முன் அமர்ந்து, மேலே அல்லாமல் கீழே பார்க்க வேண்டும். செத்த மீனை வீசிவிட்டு அதே விலைக்கு இன்னொன்று வாங்கித் தருவதைவிட, ஒதுங்கி நிற்கும் மீனுக்கும் உணவு போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கப் பழக்குவதே பிள்ளைகளுக்கு நாம் செய்யும் பெரிய நன்மை.