‘செம’ என்பது பரிந்துரை அல்ல

பாகான் டாலாமில் எங்கள் புலனக் குழுவில் யாராவது “நல்ல அறிவியல் புனைவு சொல்லுங்க” என்றால் போதும். ‘டியூன்’, ‘த்ரீ பாடி பிராப்ளம்’ என்று பெயர்கள் கொட்டும். குறிப்பு எழுத ஆப் கேட்டாலும் இதே கூத்துதான். பின்னால் ஒரே சொல்: “செம!” ஏன் செம, யாருக்குச் செம? பதில் வராது.

இதைப் பரிந்துரை என்று நான் ஏற்க மாட்டேன். வந்த பட்டியலை அப்படியே கைமாற்றிவிடுவது, அவ்வளவுதான்.

தமிழ் என்றால் “சுஜாதா படிங்க லா” என்று முடித்துவிடுகிறோம். எதை? ‘என் இனிய இயந்திரா’வில் பிள்ளை பெறவே அரசு அனுமதி வேண்டும். பெயர்கூட இரண்டெழுத்துதான். அந்த உலகத்தில் ஜீனோ என்ற இயந்திர நாய் நம்மைவிடத் தெளிவாக யோசிக்கிறது. தன் விவரம் முழுவதையும் ஆப்பிடம் ஒப்படைப்பவன் படிக்க வேண்டிய கதை. இப்படிச் சொன்னால்தானே ஒருவன் தேடிப் போவான்?

மென்பொருளைப் பாருங்கள். கைப்பேசியில் தமிழ் எழுத 2005இல் செல்லினம் வந்தது. அதற்கும், 1980களில் தொடங்கிய முரசு அஞ்சலுக்கும் பின்னால் இருப்பவர் மலேசியரான முத்து நெடுமாறன். நாமோ தமிழை ஆங்கில எழுத்தில் தட்டிக்கொண்டே வெளியூர் ஆப்புக்குக் கொடி பிடிக்கிறோம்.

ஆங்கிலம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த நாவல்களுக்கு விளம்பரம் உண்டு, சினிமா உண்டு. தமிழ்ப் புத்தகத்துக்கு இருப்பது நம் வாய் மட்டும்தான். அதையும் சோம்பலாக வைத்திருந்தால் எப்படி?

அடுத்த முறை ஒரே ஒரு பெயர் சொல்லுங்க. கூடவே ஒரு காரணம்.