இதுவா 'போல்ட்'?

ஆங்கிலத்தில் 'போல்ட்' என்றால் துணிச்சல். 'பிரேசன்' என்றால் வெட்கமில்லாத துணிச்சல். பித்தளையைக் குறிக்கும் 'பிராஸ்' என்பதிலிருந்து பிறந்த சொல் அது. பித்தளை முகத்துக்கு ஏது வெட்கம்?

நம் சினிமா செய்திகளைப் பாருங்கள். நடிகையின் ஆடை குறைந்தால் 'போல்ட்'. அவரே சம்பளத்தைக் கறாராகக் கேட்டால் 'திமிர்'. அதையே ஹீரோ கேட்டால் 'கெத்து'! என்ன நியாயம் இது?

திருவாலங்காட்டில் சிவனின் ஆட்டத்தைப் பாடிய காரைக்கால் அம்மையார் கதை தெரியும்தானே? கணவன் விலகியதும் அழகை உதறிப் பேயுருவைக் கேட்டு வாங்கினார் என்கிறது பெரியபுராணம். யார் கண்ணுக்கும் அழகாக இருக்க வேண்டாம் என்று முடிவெடுத்தாரே, அதுதான் துணிச்சல்.

உடம்பை அளந்து 'போல்ட்' பட்டம் கொடுப்பவர்களே, வெட்கப்பட வேண்டியது நீங்கள்தான்.