காணாக்கடிக்கு ஏது சர்டிபிகேட்?

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)

மலருக்குக் கட்டுரை கேட்டதும் எல்லோரும் நட்பு, காதல், தன்னம்பிக்கை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நான் அரிப்பைப் பற்றி எழுதப் போகிறேன். சிரிக்கிறவர்கள் முழுசாகப் படித்துவிட்டுச் சிரியுங்கள்.

போன வருஷம் வெல்டிங் ஷெட்டில்தான் ஆரம்பம். எங்களுக்கு மதியம் இரண்டு மணி பேட்ச். மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை, உடம்பில் தோல் ஏப்ரன், கையில் தோல் கிளவுஸ். இரண்டு எம்.எஸ். தகட்டைச் சேர்த்து டேக் வைப்பதற்குள் கழுத்திலும் மார்பிலும் ஊசி குத்துவதுபோல் சுருக் சுருக்கென்றது. சட்டையை விலக்கினால் கடுகு கடுகாய்த் தடிப்பு, சுற்றிலும் சிவப்பு. காஞ்சொறிச் செடியில் விழுந்து எழுந்தவனுக்குத்தான் அந்த அரிப்பு புரியும்.

"சார், பத்து நிமிஷம் வெளியே நிக்கிறேன் சார்" என்றேன்.

"ஏன்டா, வெயிலே படாம வளர்ந்த பிள்ளையா நீ?" என்றார் சார். பேட்ச்சே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். என் அப்பாவும் அம்மாவும் செங்கல் சூளையில் கல் அறுக்கிறவர்கள். லீவு விட்டால் பச்சைக்கல் திருப்பிப் போட்டு வளர்ந்தவன் நான். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பத்தாவது தாண்டியவனும் நான்தான். "நீயாவது நிழல்ல உக்காந்து வேலை பாருடா" என்று அப்பா அனுப்பி வைத்த நிழல், இந்த ஆஸ்பெஸ்டாஸ் நிழல்!

இதில் பெரிய கொடுமை எது தெரியுமா? அரை மணி, ஒரு மணி நேரத்தில் தடிப்பு தடமே இல்லாமல் மறைந்துவிடும். ஆபீசுக்குப் போய், வரிசையில் நின்று, "எங்கே காட்டு" என்று கேட்கும்போது கை வழவழவென்று இருக்கும். பொய்க்காரன் என்று பெயர். அந்த பீரியட் ஆப்சென்ட். ஹாஸ்டலிலோ நேர் எதிர். அங்கே தடிப்பைப் பார்த்துவிட்டார்கள். அம்மை என்று முடிவுகட்டி, என் கட்டிலில் வேப்பிலை செருகி, என் பக்கெட்டைத் தனியாக ஒதுக்கினார்கள். ஒரே உடம்பு, ஓரிடத்தில் நடிப்பு, இன்னோரிடத்தில் தொற்றுநோய்.

ஊருக்குப் போனபோது அம்மா, "காணாக்கடிடா" என்று வெற்றிலையில் மிளகு வைத்து மெல்லச் சொன்னாள். பாவம், காரம் சாப்பிட்டாலே எனக்கு இன்னும் கிளம்பும். மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய மாத்திரையில் அரிப்பு நின்றது. ஆனால் லேத் முன்னால் நின்றுகொண்டே கண் சொருகியது. சுற்றுகிற சக்கிற்குப் பக்கத்தில் தூங்கினால் என்ன ஆகும் என்று நம் துறையில் படிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியில் பெரியாஸ்பத்திரி தோல் பிரிவு. அன்றைக்கும் உடம்பில் ஒன்றுமில்லை. அந்த டாக்டரம்மா என்னைப் பொய்க்காரன் என்று சொல்லவில்லை. "மாடிப்படி வேகமா ஏறி இறங்கி வாப்பா" என்றார். நாலாவது தடவை மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோது கழுத்தெல்லாம் கடுகு. பேனாவால் இரண்டைச் சுற்றி வட்டம் போட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கோலினெர்ஜிக் அர்டிகேரியா என்று எழுதிக் கொடுத்தார். 1924-லேயே மருத்துவர்கள் எழுதி வைத்த நோய். உடம்பு சூடேறி வியர்க்கும்போது தோலில் உள்ள மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமினைக் கொட்டுகின்றன. அதனால்தான் தடிப்பு. வெயில், ஓட்டம், சுடுதண்ணீர், பதற்றம் எதுவும் கிளப்பும். நம் வயசுக்காரர்களுக்குத்தான் அதிகம் வருகிறது. யாருக்கும் ஒட்டாது. தினமும் சிட்ரிசின் கொடுத்திருக்கிறார், ராத்திரி போடச் சொன்னார். மூச்சு முட்டினாலோ மயக்கம் வந்தாலோ உடனே ஓடி வரவேண்டும் என்றும் சொன்னார். நூற்றுக்கு நூறு குணமா என்றால் இல்லை, ஆனால் இப்போது பாதி நாள் நிம்மதி.

சரி, என் கருத்துக்கு வருகிறேன். 2024-ல் நம் மாநில அரசு வெப்ப அலையைப் பேரிடராக அறிவித்தது. வெளியே பேரிடர், வெல்டிங் ஷெட்டுக்குள் மட்டும் சோம்பேறித்தனமா? நான் வேலை வேண்டாம் என்று கேட்கவில்லை. என் பட் ஜாயிண்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வெயில் மாதங்களில் வெல்டிங்கும் ஃபவுண்டரியும் காலையில் நடக்கட்டும். ஷெட்டில் ஒரு பானை தண்ணீர், ஓடுகிற ஒரு ஃபேன். பத்து நிமிஷம் வெளியே நின்றுவிட்டு வருகிறவனுக்கு வருகைப் பதிவில் கை வைக்காதீர்கள். ஒவ்வொரு தடவையும் புது சர்டிபிகேட் கேட்காதீர்கள், ஆஸ்பத்திரி சீட்டு ஒன்று போதும். பேரவை முதல்வரிடம் கொடுத்த கோரிக்கைகளில் பஸ் பாஸ் இருந்தது, கேன்டீன் டீ கூட இருந்தது. இதையும் சேர்த்தால் என்ன?

எங்கள் சூளையில் ஓர் அக்கா இருந்தார். கல் சுமக்கும்போது அடிக்கடி தண்ணித் தொட்டிக்கு ஓடி, கையை நனைத்துச் சொறிந்துகொண்டே நிற்பார். மேஸ்திரி கூலியில் பிடிப்பார். சின்னப் பையனாக நானும் அவரை வேலைக்கள்ளி என்று நினைத்திருக்கிறேன். அவரை யாரும் மாடிப்படி ஏறச் சொல்லிப் பார்க்கவில்லை.

இந்த செமஸ்டரும் எங்கள் பேட்ச்சுக்கு மதியம் இரண்டு மணிதான் போட்டிருக்கிறார்கள். காலைக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். கூடக் கையெழுத்துப் போட்டவர்கள் ஆறு பேர். அதில் இரண்டு பேர், வேப்பிலை செருகியவர்கள்.