நம்ம ஊர்ல என்ன சார் இருக்கு?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். கோபம் வந்தால் கீழே கமெண்டில் திட்டுங்கள், வாத்தியார் தாங்கிக்கொள்வார்.

கோடை விடுமுறை நெருங்கினால் போதும், நம் குடும்பக் குழுவில் ஊட்டியா, கூர்க்கா என்று ஏலம் ஆரம்பமாகிவிடுகிறது. தாராளமாகப் போய் வாருங்கள். ஆனால், "நம்ம ஊர்ல என்ன சார் இருக்கு? தோல் ஷாப்பும் பிரியாணியும்தானே?" என்று என்னிடம் படித்த பிள்ளையே எழுதினால் எப்படிச் சும்மா இருப்பது?

வேலூரிலிருந்து மேற்கே போனால் ஆம்பூர் துர்கம், அதைத் தாண்டி ஏலகிரி. தென்மேற்கில் ஜவ்வாது மலை. மைசூர் மேட்டு நிலத்திலிருந்து ஆற்காட்டுச் சமவெளிக்குப் படை இறங்க இந்த மலைகளுக்கு நடுவில் உள்ள கணவாய்கள்தான் வழி. 1749 ஆகஸ்ட் 3 அன்று ஆற்காடு நவாப் அன்வருத்தீன் கான் ஆம்பூர்க் கணவாயை மறித்து நின்றார். எதிரே சந்தா சாகிப், முசாபர் ஜங், அவர்களோடு பிரெஞ்சுப் படை. நவாப் யானை மேலேயே குண்டு பட்டு இறந்தார். தென்னிந்தியா யாருக்கு என்று பிரெஞ்சுக்காரனும் இங்கிலீஷ்காரனும் அடித்துக்கொண்ட கதை அங்கிருந்துதான் சூடுபிடித்தது. அந்தப் பக்கமாகத்தான் நீங்கள் தினமும் ஷூ கம்பெனி பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போகிறீர்கள்!

1767-ல் ஹைதர் அலி செங்கம் கணவாயில் ஆங்கிலப் படையோடு மோதினார். அந்த ஆண்டுக் கடைசியில் ஆம்பூர்க் கோட்டையை வாரக்கணக்கில் முற்றுகையிட்டும் பிடிக்க முடியாமல் போனார். 1792-ல் திப்பு பாராமகாலை விட்டுக்கொடுத்த பிறகு, கேப்டன் ரீடு திருப்பத்தூரில் உட்கார்ந்து நிலத்தை அளந்து வரி போட்டார். ரயத்துவாரி முறை முளைவிட்டதே அந்த வேலையில்தான். பட்டாவுக்காகப் பங்காளிகளோடு கோர்ட்டுக்குப் போகிறவர்களாவது இதைத் தெரிந்துகொள்ள வேண்டாமா?

இதற்கெல்லாம் ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழையவை செங்கம் பக்கத்து நடுகற்கள். ஆநிரை கவர்ந்தவர்களோடு சண்டையிட்டுச் செத்த வீரனின் உருவத்தைச் செதுக்கி, பல்லவ அரசனின் ஆட்சியாண்டைச் சொல்லி, வட்டெழுத்தில் அவன் பெயரை வெட்டி வைத்தார்கள். மாடு பிடிக்கப் போனவனுக்கும் மாட்டை மீட்கப் போனவனுக்கும் பெயர் இருக்கிறது. ஏரிக்கரையில் அப்படி ஒரு கல்லின் மேல் துணி துவைப்பதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். துவைத்த அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். அது என்ன கல் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர்கள் பிள்ளைகளைப் பஸ் ஏற்றிப் பெங்களூரில் ராட்டினம் சுற்றக் கூட்டிப்போயிருந்தார்கள்.

(காவலூர் வானாய்வகத்தைச் சொல்லாவிட்டால் அறிவியல் ஆசிரியர்கள் சண்டைக்கு வருவார்கள். ஜவ்வாது மலையில் இருக்கும் அங்கிருந்துதான் 1988-ல் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து ராமானுஜன் பெயரை வைத்தார்கள்.)

சரி, உள்ளூர் மலைக்குப் போகிறவர்களாவது ஒழுங்கா? ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் பெயர்ப் பலகை உண்டு. ஒரு பலகையையாவது நின்று படித்தீர்களா? காரை நிறுத்துவது செல்ஃபிக்குத்தான். மேலே போனால் ஸ்பீக்கர் சத்தம், மறுநாள் காலையில் புதரெல்லாம் பாட்டில். பாலாற்றைத் தோல் கழிவால் கெடுத்தோம். 1996-ல் உச்ச நீதிமன்றமே தலையிட வேண்டியதாயிற்று. அந்தத் தொழிலில் சம்பாதித்த காசோடு சுத்தக் காற்று வேண்டும் என்று மலையேறி, அதையும் கெடுத்துவிட்டு இறங்குகிறோம். இப்படிப் போவதானால் தயவுசெய்து கூர்க்குக்கே போய்விடுங்கள் என்றும் எழுதலாம். கூர்க்குக்காரர்கள் என்ன பாவம் செய்தார்கள்?

எல்லை என்பது பழங்கதையும் இல்லை. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை சுட்டு 20 தமிழர்கள் இறந்தார்கள். செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொன்னது காவல்துறை. இறந்தவர்களில் ஜவ்வாது மலையடிவாரத்துக் கூலிக்காரர்களும் உண்டு. ஊரில் வேலை இல்லாமல் எல்லை தாண்டியவர்கள். நீங்கள் "வியூ பாயிண்ட்" என்று நின்று படம் எடுக்கிற மலையின் அடிவாரத்தில் அவர்கள் வீட்டுப் பெண்கள் இருக்கிறார்கள். அடுத்த முறை ஜமுனாமரத்தூர் போனால் சாமையும் தேனும் மலைவாசிகளிடமே வாங்குங்கள். பேரம் பேசாதீர்கள். மாலில் பேசுவதில்லையே!

பள்ளிகளில் வேலை பார்க்கும் என் மாணவ ஆசிரியர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இந்த ஆண்டு ஒரே ஒரு சுற்றுலாவையாவது செங்கத்துக்கும் ஆம்பூர் துர்கத்தடிக்கும் மாற்றுங்கள். தலைமையாசிரியர் கேட்டால் என் பெயரைச் சொல்லுங்கள். முட்டி வலி இருந்தாலும் கூட வருகிறேன். தேதியை மட்டும் இன்பாக்ஸில் போடுங்கள்; பங்குனி வெயிலுக்கு முன்னால் இருந்தால் நல்லது.