ஹைட்ரஜனா, பாட்டரியா? சண்டை வேண்டாம், கோர்வை போடுவோம்!



இறுதியாண்டு புராஜெக்ட் என்றாலே நம்மில் பலருக்கு இப்போது ஒரே கனவு: 'தண்ணீரில் ஓடும் வண்டி'. கேட்டால், "ஹைட்ரஜன்தான்டா எதிர்காலம், பாட்டரியெல்லாம் பழசு" என்கிறார்கள். இன்னொரு கோஷ்டியோ, "ஹைட்ரஜன் வெறும் பம்மாத்து" என்கிறது. இரண்டு பேரோடும் எனக்கு உடன்பாடில்லை.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க ஏறக்குறைய 55 யூனிட் செலவாகும். அந்த ஒரு கிலோவில் இருக்கும் ஆற்றல் சுமார் 33 யூனிட். பியூயல் செல் அதில் பாதியைத்தான் மின்சாரமாகத் திருப்பித் தரும். அதாவது 16, 17 யூனிட். அதே 55 யூனிட்டை லித்தியம் பாட்டரியில் ஏற்றினால் சுமார் 45 யூனிட் கைக்கு வரும். ஆக, தண்ணீர் எரிபொருள் அல்ல! 1996-ல் தமிழ்நாட்டையே கலக்கிய மூலிகை பெட்ரோலைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கணக்குப் போடாமல் கைதட்டினால் ஏமாறுவது நாம்தான்.

அப்படியானால் ஹைட்ரஜன் எதற்கு? பாட்டரியில் சார்ஜ் ஏற மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஹைட்ரஜனைச் சில நிமிடங்களில் நிரப்பிவிடலாம். அதுதான் அதன் பலம். ஆனால் அது தனியாக வண்டி இழுக்குமா?

பிள்ளையார்பாளையத்தில் பாவும் பட்டும் ஏற்றிப் போகும் ஒரு 48 வோல்ட் பாட்டரி ஆட்டோவை எடுத்துக்கொள்வோம். சீராகப் போகும்போது 20 ஆம்பியர், அதாவது சுமார் 1 கிலோவாட் போதும் என்று வையுங்கள். நின்று கிளம்பும்போது 80 ஆம்பியர்கூட இழுக்கும். கிட்டத்தட்ட 4 கிலோவாட்! அந்தச் சில நொடிக்காக 4 கிலோவாட் பியூயல் செல் வாங்கினால் கட்டுபடியாகுமா? அதோடு, லோடு திடீரென்று ஏறினால் காற்றும் ஹைட்ரஜனும் உள்ளே போய்ச் சேர்வதற்குள் வோல்டேஜ் சரியும். அடிக்கடி இப்படி நடந்தால் செல்லே கெட்டுப்போகும். பிரேக் பிடிக்கும்போது திரும்பி வரும் மின்சாரத்தை வாங்கி வைக்கவும் அதற்குத் தெரியாது.

ஆகவே, 1 கிலோவாட் பியூயல் செல் நிதானமாக ஓடிக்கொண்டே இருக்கட்டும். திடீர் இழுப்பை ஒரு சின்ன பாட்டரி பார்த்துக்கொள்ளட்டும். நம் ஊர்க் கோர்வைச் சேலை மாதிரிதான். உடலுக்கு ஒரு நாடா, கரைக்கு வேறு நாடா. இரண்டையும் கோர்க்கிற இடத்தில்தான் வித்தை இருக்கிறது. வண்டியில் அந்த வேலையைச் செய்வது டி.சி. கன்வெர்ட்டர்.

இது ஒன்றும் புதுசு இல்லை. 2000-ஆம் ஆண்டை ஒட்டியே சென்னை ஸ்பிக் சயின்ஸ் பவுண்டேஷன் பியூயல் செல்லையும் பாட்டரியையும் இணைத்து ஒரு வேன் செய்தது. 2014-ல் விற்பனைக்கு வந்த டொயோட்டா மிராய் காரிலும் பாட்டரி உண்டு. நம் மாவட்டத்து இருங்காட்டுக்கோட்டையில் கார் தயாரிக்கும் ஹூண்டாய், ஐ.ஐ.டி. மெட்ராசுடன் சேர்ந்து ஹைட்ரஜன் ஆய்வு மையம் அமைக்க 180 கோடி ரூபாயை 2024 ஜனவரியில் அறிவித்தது. நாளைக்கு அந்தப் பக்கம் வேலை கேட்டுப் போகப்போவது யார்? நாம்தானே!

என் கருத்து இதுதான். ஊருக்குள் ஓடி, ராத்திரி வீட்டு வாசலில் சார்ஜ் போடும் ஆட்டோவுக்குப் பாட்டரி மட்டும் போதும். நிற்க நேரமில்லாமல் நாள் முழுக்கச் சரக்கு அடிக்கும் வண்டிக்குத்தான் கோர்வை. அதற்கும் 350 பார் அழுத்தத்தில் வாயு நிரப்பும் நிலையம் வேண்டும். நம் ஊரில் அது இன்னும் இல்லை.

"பியூயல் செல் வாங்கக் காசுக்கு எங்கே போவது?" என்கிறீர்களா? வாங்கவே வேண்டாம். லேபில் இருக்கும் டி.சி. சப்ளையில் கரண்ட் லிமிட் வையுங்கள். அதுதான் உங்கள் பியூயல் செல்! கரண்ட் திரும்பி வராமல் ஒரு டயோடு, பிறகு கன்வெர்ட்டர், பாட்டரி, மோட்டார். லோடு ஏறும்போது யார் எத்தனை ஆம்பியர் தருகிறார்கள் என்று மீட்டர் பார்த்துக் குறியுங்கள். கடையில் காசு கொடுத்து ரெடிமேடாக வாங்கி வந்து, வைவாவில் திருதிருவென்று முழிக்கும் புராஜெக்டைவிட இது எவ்வளவோ மேல்.

தறியில் உட்காராமல் நெசவு வராது, நண்பர்களே. சிந்திப்போம், செய்தும் பார்ப்போம்!