‘நாட்டார் வழக்காறு’ என்ற சொல் குறித்து எங்கள் நிலைப்பாடு

வாய்மொழிப் பாடல்களையும் கதைகளையும் தொழில் அறிவையும் ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்துவரும் எங்கள் குழு, இனித் தன் வெளியீடுகளில் ‘நாட்டுப்புற இலக்கியம்’, ‘நாட்டுப்புறவியல்’ என்ற சொற்களை எழுதாது. மக்கள் கூடிப் பேணிவரும் அறிவை ‘நாட்டார் வழக்காறு’ என்றும், அதை ஆராயும் துறையை ‘நாட்டார் வழக்காற்றியல்’ என்றும் எழுதுவோம். இதுவரை பொருளுக்கும் துறைக்கும் ஒரே சொல்லைப் போட்டுக் குழப்பியதில் எங்களுக்கும் பங்குண்டு.

பெயரில் என்ன இருக்கிறது என்று எங்களுக்குள்ளேயே சிலர் கேட்டார்கள். இந்தத் துறையில் பெயர்தான் முதல் தீர்ப்பு. 1846-இல் வில்லியம் தாம்ஸ் ஆங்கிலத்தில் ‘ஃபோக்லோர்’ என்ற சொல்லை ஆக்கினார். அதற்குமுன் இங்கிலாந்தில் இத்தகைய பாடல்களையும் கதைகளையும் மக்களிடம் எஞ்சிக் கிடக்கும் பழம்பொருள்களாகவே கருதிப் பெயரிட்டிருந்தார்கள். தமிழில் நாடோடிப் பாடல், கிராமியப் பாடல், பாமரர் பாடல் என்று பல பெயர்கள் வந்தன. கி.வா. ஜகந்நாதன் ‘நாடோடி’ என்று எழுதியது அன்போடுதான். ஆனால் இன்று அந்தச் சொல் வீடற்றவரையே நினைவூட்டுகிறது. நா. வானமாமலை 1960-இல் வெளியிட்ட தொகுப்பு ‘தமிழ்நாட்டுப் பாமரர் பாடல்கள்’. 1964-இல் வந்த விரிவான தொகுப்பின் பெயர் ‘தமிழர் நாட்டுப்பாடல்கள்’. நான்கே ஆண்டுகளில் ‘பாமரர்’ போய்விட்டது. ஆயிரக்கணக்கான வரிகளை மனத்தில் வைத்திருக்கும் ஒருவரை எப்படிப் பாமரர் என்பது?

‘நாட்டுப்புறம்’ அதே குறையை வேறு உருவில் சுமக்கிறது. ‘நாட்டுப்புறத்தான்’ என்பது நம் பேச்சில் வசைச்சொல். அது வசையாக இல்லாவிட்டாலும் ஓர் இடத்தைத்தான் சுட்டும், மனிதரைச் சுட்டாது. வடசென்னையின் இறுதி ஊர்வலங்களில் வளர்ந்த கானாப் பாட்டை எந்தப் புறத்தில் வைப்பது? வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றைத் திசை பிரித்துக் கடலில் இறங்கும் மீனவர், பெருநகரக் குப்பத்தில் குடியிருந்தால் அவருடைய அறிவு கணக்கில் வராதா? பொதுவான ஏதேனும் ஒன்றால் இணைந்த எந்தக் குழுவுக்கும் வழக்காறு உண்டு என்று அமெரிக்க ஆய்வாளர் ஆலன் டண்டிஸ் விளக்கிய பிறகும், நாம் வயல் வரப்பைத் தாண்டாமல் நிற்பது சரியில்லை.

‘வழக்காறு’ எங்களுக்கு உவப்பான சொல். தொல்காப்பியப் பாயிரம் வழக்கையும் செய்யுளையும் இலக்கணத்தின் இரு ஊற்றுகளாக வைக்கிறது. வழக்குதான் முதலில் நிற்கிறது. செய்யுளியல் பாட்டு, உரை, நூல் ஆகியவற்றோடு பிசியையும் முதுசொல்லையும் ஒரே வரிசையில் சேர்க்கிறது. நாம் விடுகதை, பழமொழி என்பவைதான் அவை. அந்த வரிசையில் மேல் கீழ் இல்லை. ‘ஆறு’ என்றால் வழி. நடக்க நடக்கத் தடம் மாறும் வழி. ஒரே தாலாட்டு இரண்டு தெருக்களில் இரண்டு விதமாக ஒலிப்பதைப் பிழை என்று எண்ணாமல் எழுதிக்கொள்ள இந்தச் சொல் கற்றுத்தருகிறது.

‘நாட்டார்’ என்ற சொல்லுக்கு எழுந்த மறுப்பில் நியாயம் உண்டு. சோழர் கல்வெட்டுகளில் நாட்டார் என்போர் நிலமுடையோர் சபையினர். நாகப்பட்டினம், காரைக்கால் கடற்கரையில் இன்றும் மீனவ ஊர்த் தலைவர்களுக்கு அந்தப் பெயர் உண்டு. சில சாதிகளுக்கு அது பட்டப்பெயர். அதிகாரம் படிந்த சொல்லை எளிய மக்களுக்குச் சூட்டலாமா என்று ஒரு தோழி கேட்டார். நெடுநேரம் பேசினோம். ‘நாட்டில் வாழ்வோர்’ என்ற அகன்ற பொருள் அந்தச் சொல்லுக்கு உண்டு என்பதாலும், பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி ஆய்வாளர்கள் தொடங்கிப் பலர் அதை அந்தப் பொருளில் நிலைநிறுத்திவிட்டார்கள் என்பதாலும் ஏற்றோம். ‘மக்கள் வழக்காறு’ என்று எழுதுவோரோடு எங்களுக்குச் சண்டை இல்லை.

வழக்காறு கூட்டு அறிவுதான். ஆனால் கூட்டு அறிவு என்றால் உரியவர் இல்லாத அறிவு என்று பொருள்கொள்வதை மட்டும் ஏற்கமாட்டோம். அகத்தியமலையின் கேரளப் பக்கத்தில், 1987-இல் ஆய்வாளர்களுக்கு வழிகாட்டிப் போன காணிப் பழங்குடியினர் களைப்புத் தெரியாமலிருக்க ஒரு காயைத் தின்றார்கள். ஆரோக்கியப்பச்சை என்ற அந்தச் செடியிலிருந்து ‘ஜீவனி’ மருந்து பிறந்தது. 1995-இல் கோவை ஆயுர்வேத நிறுவனம் ஒன்றுக்கு உரிமம் தரப்பட்டது. அந்த உரிமத்தால் வரும் வருவாயில் பாதி காணிகளுக்கு என்று முடிவானது. அது நல்ல முன்னுதாரணம். ஆனாலும் காணிகள் எல்லோரையும் கேட்கவில்லையே என்ற குறை எழுந்தது. கூட்டு அறிவு என்றால் கேட்கவேண்டியவர்கள் கூடுகிறார்கள்; குறைவதில்லை.

ஆகவே எங்கள் ஒவ்வொரு பதிவிலும் பாடியவர் அல்லது சொன்னவர் பெயர், அவர் விரும்பினால், சேகரித்தவர் பெயருக்கு மேலே வரும். வைத்தியக் குறிப்பு, விதை, மீன்பிடி இடம் பற்றிய பதிவுகளை ஊராரிடம் கேட்காமல் வெளியிடமாட்டோம்.

கலைஞர்கள் தங்களை எப்படி அழைத்துக்கொள்வது என்று சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை. அவர்களுடைய நலவாரியத்தின் பெயரில் ‘நாட்டுப்புற’ இருக்கிறது. அடையாள அட்டையும் உதவித்தொகையும் அந்தப் பெயரில் வருகின்றன. அதை மாற்றும்படி நாங்கள் கேட்கவில்லை. மகுடம் என்ற தோல்கருவியை அடிப்பவர் தன் கலையைக் கணியான் கூத்து என்கிறார். எங்கள் பதிவில் முதல் வரியில் அதுதான் இருக்கும். ‘நாட்டார் வழக்காறு’ அதற்குக் கீழே, வகைப்பெயராக மட்டும் வரும்.

எங்கள் பழைய பதிவு அட்டைகளைத் திருத்தமாட்டோம். நாங்கள் எப்படி எழுதினோம் என்பது அவற்றில் அப்படியே இருக்கட்டும்.